கை பட்ட பஞ்சு

தெருவில் அவனை மருந்துக்காரர் என்பார்கள். கரப்பான், கரையான், எறும்பு, மூட்டைப்பூச்சி என்று எந்த வீட்டில் எது பெருகினாலும், முதுகில் தொட்டியைக் கட்டிக்கொண்டு போய் அடித்துவிட்டு வருவான். அவனுடைய அக்கா, பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கும் கூடத்தில் வேலை பார்த்தாள். அதனால் அவள் பல்லக்கா. "ஒருத்தர் கொல்றார், ஒருத்தர் கடிக்கக் கத்துக்குடுக்கிறார்" என்று கீழ்வீட்டுக்காரர் கேலி செய்வார். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பியின் கல்யாணம் எட்டு வருடம் ஓடி முறிந்துபோக, இரண்டு வருடத்துக்கு முன் ஒரே ஒரு பெட்டியோடு அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தான்.

மழை விட்ட ஒரு மாலை, அவன் மூச்சு வாங்கப் படியேறி வந்தான். கையில் ஒரு அட்டை, அதன் மேல் கவிழ்த்த தண்ணீர்ப் புட்டியின் மூடி.

"அக்கா, கண்ணாடிக் குழாய் ஏதாவது இருக்கா? சீக்கிரம்."

"மூடிக்குள்ள என்னடா?"

"ராணி. இப்பதான் பறந்து இறங்கி இறக்கைய உதிர்த்திருக்கா. முதுகுல தழும்பு தெரியுது பாரு."

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். சாதாரண எறும்பைப் போல மூன்று மடங்கு இருந்தது. கறுத்த, பளபளப்பான உடம்பு.

"கொல்லாம வீட்டுக்குத் தூக்கிட்டு வந்திருக்க. வேலைய மறந்துட்டியா?"

"பதினோரு வருஷமா இவளத்தான் தேடுறேன். நாங்க வைக்கிற சீனி மருந்தெல்லாம் இவளுக்குத்தான். மத்ததுங்க தூக்கிட்டுப் போய் ஊட்டணும், இவ சாகணும். ஆனா மூஞ்சிய இன்னிக்குத்தான் பாக்குறேன்."

வந்த நாளிலிருந்து அவன் இவ்வளவு உற்சாகமாகப் பேசி அவள் கேட்டதில்லை. இரண்டு பேரும் மொட்டைமாடிக்குப் போனார்கள். கைப்பிடிச் சுவரோரம் இன்னொரு ராணி ஊர்ந்துகொண்டிருந்தது. அதை அக்கா ஒரு டப்பாவில் வாங்கினாள். அவனுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று.

குழாய்களை அக்காதான் தயார் செய்தாள். அடியில் கொஞ்சம் தண்ணீர், அதை அடைத்து ஒரு பஞ்சு. பஞ்சின் ஈரம்தான் ராணிக்குத் தண்ணீர். வாய்ப்பக்கம் காற்றுப் போக இன்னொரு பஞ்சு. மெழுகில் பல் பதிக்கும் இடுக்கியால் அழுத்தி, நூல் பிடித்தது போல நிறுத்தினாள். சுற்றிக் கறுப்புத் தாளை உருட்டிவிட்டாள்.

"சாப்பாடு?"

"வேணாம். இறக்கைய ஆட்டுன சதைதான் இனி சாப்பாடு. அது கரைஞ்சு அவளுக்கும் குஞ்சுக்கும் ஆகும். நாம செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. சும்மா இருக்கணும். ஆட்டுனா, வெளிச்சம் பட்டா, பயந்து போட்ட முட்டைய அவளே தின்னுடுவா."

"அப்ப உன்னால முடியாது" என்றாள் அக்கா.

அவள் சொன்னபடியே ஆயிற்று. அக்காவின் குழாய் அவளுடைய அறையில், துணி அலமாரியின் மேல்தட்டில் கிடந்தது. வாரத்துக்கு ஒரு தடவை தாளை விலக்கிப் பார்ப்பாள். அவனோ வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை. ஆறாம் நாள் அவன் கத்திய கத்தலில் அக்கா பல் தேய்க்கும் தூரிகையோடு ஓடிவந்தாள். சீனித்துகள் போல நான்கு முட்டைகள். ராணி அவற்றைக் கால்களுக்கு நடுவே குவித்து வைத்துக்கொண்டு நின்றது.

அவனுடைய முகத்தைப் பார்த்து அக்காவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் குழாயைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்குவதையும் பார்த்தாள்.

அது ஒன்றும் புதிதில்லை. நாலைந்து மாதமாகவே அவள் ஒவ்வொன்றாகக் கவனித்து வந்தாள். டம்ளர் நழுவியது. வெயில் இல்லாத நாளிலும் சட்டை நனைய வேர்த்தது. தினமும் ஏறும் படியில் தடுமாறினான். செய்தித்தாளைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்தான். கல்யாணம் முறிந்த புதிதில் அவன் கொஞ்ச காலம் குடித்தான். மறுபடியும் ஆரம்பித்துவிட்டானோ என்று பயந்தாள். ஒருநாள் அவன் நாற்காலியில் கண்ணயர்ந்தபோது கிட்டே போய் மோந்துகூடப் பார்த்தாள். சோப்பு வாசனைதான் அடித்தது. அப்படியும் சந்தேகம் போகவில்லை. கேட்டால் முகம் சுருங்கிவிடும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாலும் கிளம்புவான் என்று வாயை மூடிக்கொண்டாள்.

நான்காவது வாரம், அவனுடைய குழாயின் வாய்ப்பஞ்சில் பச்சையாகப் பூசணம் பிடித்தது. முட்டைகளில் சில அதற்குள் வெள்ளைப் புழுக்களாகியிருந்தன. அக்கா வரும்வரை அவனுக்குப் பொறுக்கவில்லை. வேலையிலிருந்து வந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, பழைய பஞ்சைப் பிடுங்கிவிட்டுப் புதுப் பஞ்சை விரலால் உருட்டிச் செருகினான்.

மறுநாள் காலையில் ராணி மல்லாந்து கிடந்தது. ஆறு கால்களும் மார்போடு மடங்கி, ஒரே ஒரு கால் மட்டும் சுண்டிக்கொண்டிருந்தது. அக்கா பல் கூடத்துக்குக் கிளம்புவதற்குள் அதுவும் நின்றுவிட்டது.

"ஆட்டிட்டியா?"

அவன் குழாயை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். குழாய் அவன் கையில் கிடுகிடுவென ஆடியது. இத்தனை நாள் அடக்கி வைத்தது அக்காவின் வாயிலிருந்து வந்துவிட்டது.

"குடிச்சிட்டுத் தொட்டியாடா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் அக்கா கண்ணை வேறுபக்கம் திருப்பினாள்.

"ஊதிக் காட்டவா?" என்றான். "ரெண்டு வருஷமா என்னை இப்படித்தான் பாத்துட்டு இருக்கியா?"

"பின்ன கை ஏன் நடுங்குது? சொல்லு. நானும் எத்தனை நாள் தெரியாத மாதிரி இருக்கிறது?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். அதன்பிறகு நான்கு நாள் இருவரும் தனித்தனியாகத்தான் சாப்பிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா எழுந்து வந்தபோது, சாப்பாட்டு மேசையில் ஆறு குழாய்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் சமையலறைச் சுவரில் பிடித்த ஒரு சாதாரண எறும்பு.

"உக்காரு" என்றான். "மூணு பஞ்சு நீ உருட்டு. மூணு நான் உருட்டுறேன். உன் கண் முன்னாடியே கை கழுவுறேன்."

மூன்று தடவை சோப்புப் போட்டு, நகக்கண்ணையெல்லாம் தேய்த்துக் கழுவினான். பிறகு உருட்டினான். அக்கா எதற்கென்று கேட்காமல் தன் பங்கை உருட்டினாள். அன்று யாரும் வெளியே போகவில்லை. அவன் மேசையை விட்டு நகரவேயில்லை. மத்தியானம் தாண்டியதும் அவனுடைய குழாய்களில் ஒரு எறும்பு நேராக நடக்க முடியாமல் வட்டமடித்தது. சாயங்காலம் அவன் பக்கத்து மூன்றும் மல்லாந்து கிடந்தன. அக்கா பக்கத்து மூன்றும் பஞ்சை முட்டிக்கொண்டு வழி தேடிக்கொண்டிருந்தன.

"ராணி செத்துக் கிடந்த விதத்தப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றான். "அப்படிக் கால் மடங்குறத ஒரு நாளைக்கு எத்தனை பாக்குறேன். அது ஈரத்துல வர்ற சாவு இல்ல, பயத்துல வர்ற சாவும் இல்ல. நம்ம மருந்து. அது என் தோல்ல ஊறிக் கிடக்குது அக்கா. கழுவுனாலும் போகல."

"கையுறை போடுறதில்லையா?"

"ஓட்டை விழுந்து ரெண்டு மாசமாச்சு. கேட்டா வரும் வரும்ங்கிறாங்க. ஆறு மாசமா புது மருந்து வேற. தொட்டியில பேர்கூட அழிஞ்சு கிடக்குது. நாத்தம் கம்மியா இருக்கேன்னு நாங்களும் சந்தோஷப்பட்டோம்."

அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "மோந்து பாத்தேன்டா உன்னை" என்றாள் கடைசியில். "தூங்கும்போது."

"தெரியும். முழிச்சிட்டுத்தான் இருந்தேன்."

மறுநாள் பெரிய மருத்துவமனைக்குப் போனார்கள். மருத்துவர் அம்மா அவனுடைய கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், கையை நீட்டச் சொன்னார், ரத்தம் எடுக்க அனுப்பினார். நரம்பு ஒழுங்காக வேலை செய்ய உடம்பே சுரக்கும் ஒரு பொருளைப் பூச்சிமருந்து அழித்திருந்தது; இருக்க வேண்டியதில் பாதிகூட அவன் ரத்தத்தில் இல்லை. "இன்னையோட மருந்து அடிக்கிறத நிறுத்தணும்" என்றார். "நடுக்கம் குறையும். கண்ணு முழுசா பழையபடி ஆகுமான்னு இப்ப சொல்ல முடியாது."

கம்பெனியில் போய்க் கையுறையைப் பற்றிக் கேட்டதற்கு, மேற்பார்வையாளர் ஒரு தாளை எடுத்து நீட்டினார். கையுறையும் முகமூடியும் பெற்றுக்கொண்டேன் என்று அவனே கையெழுத்துப் போட்டிருந்தான். சேர்ந்த வருடம் போட்ட கையெழுத்து. அவன் சட்டைப்பையிலிருந்து, எறும்பு போட்டு வைத்திருந்த குழாய்களை எடுத்துக்கொண்டு, மருந்தடிப்பவர்கள் உடை மாற்றும் அறைக்குப் போனான். அங்கே மூன்று பேர் இருந்தார்கள்.

"ஆளுக்கு ஒரு பஞ்சு உருட்டுங்க. கை கழுவிட்டு உருட்டுங்க."

இரண்டு பேர் விளையாட்டாக உருட்டினார்கள். மூன்றாமவனை எல்லோரும் நெட்டையன் என்பார்கள். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் மருந்துக்காரனோடு ஒன்றாகத் தொட்டி சுமந்தவன். அவன் மட்டும் பஞ்சைத் தரையில் எறிந்தான்.

"உனக்கு அக்கா வீடு இருக்கு, போய் உக்காந்துக்குவ. இது மேல போனா நாளைக்கே எங்களை வீட்டுக்கு அனுப்பிட்டு வேற ஆளைப் போடுவான். எறும்பு செத்தா என்ன? சாகத்தானே அடிக்கிறோம்?"

ஆனால் மற்ற இருவரின் எறும்புகளும் மறுநாள் காலைக்குள் செத்தன. அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கும் பெண்ணிடமும் மருந்துக்காரன் ஒரு பஞ்சு உருட்டி வாங்கியிருந்தான். அந்த எறும்பு மட்டும் உயிரோடு இருந்தது. அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லை. அந்த இருவரும் அவனும் சேர்ந்து தொழிலாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தார்கள். அதிகாரி ஒருவர் வந்து, பெயர் அழிந்த தொட்டிகளைப் பூட்டிச் சீல் வைத்துவிட்டுப் போனார். கம்பெனி புதுக் கையுறை வாங்கியது. அவனை மட்டும் திரும்பக் கூப்பிடவில்லை.

அவன் வீட்டிலேயே கிடந்தான். முதல் மாதம் எதைப் பார்த்தாலும் எரிச்சல். தன் கையாலேயே ராணியைக் கொன்றுவிட்டேன் என்று ஒருநாள் சொன்னான். கணக்கில்லாமல் கொன்றவனுக்கு இந்த ஒன்று ஏன் இப்படி உறுத்துகிறது என்று அவனுக்கே விளங்கவில்லை. அக்காவின் அலமாரிப் பக்கமே போகமாட்டான். அவளுடைய குழாயில் ஆறு சின்ன எறும்புகள் பிறந்த அன்று, அவள் குழாயைத் தாளோடு கொண்டுவந்து காட்டினாள். அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தான். அந்தக் குட்டி எறும்புகள் ராணியின் வாய்க்கு அருகே முண்டியடித்துக்கொண்டிருந்தன.

"இப்ப சாப்பாடு குடுக்கலாம்" என்றான். "ஊசி முனை அளவு தேன் போதும். நீயே வை."

நடுக்கம் மெல்லக் குறைந்தது. இடது கையில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. எழுத்துப் படிக்கத் தடிக் கண்ணாடி வந்தது. ஒரு கிடங்கில் வந்துபோகும் வண்டிகளைப் பார்த்துக் கதவு திறந்துவிடும் வேலை கிடைத்தது.

வேலையில் சேர்ந்து சில நாள் கழித்து, அவனுக்கு விடுமுறையான ஒரு காலையில் நெட்டையன் வந்து நின்றான். பின்னால் அவன் மனைவி. அக்கா உள்ளே கூப்பிட்டும் அவன் வாசலைத் தாண்டவில்லை.

"அன்னிக்குப் பேசினது தப்புதான்" என்றான் தரையைப் பார்த்து. "அதுக்காக வரல. கையுறை வந்தாலும் மருந்து துணியில இறங்கத்தான் செய்யுது. அந்தத் துணியெல்லாம் இவதான் துவைக்கிறா. வாளியில ஊறவச்சு, கையால. ஒரு வாரமா ஊசி கோர்க்க முடியலைங்கிறா."

அந்தப் பெண் தன் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

மருந்துக்காரன் உள்ளே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தான். "நடங்க" என்றான். "அந்த டாக்டரம்மா பன்னிரண்டு மணிவரைக்கும்தான் இருப்பாங்க."