முப்பதாவது விடைத்தாள்

பேரிகையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஜோதிமணி கைப்பையைத் திறந்து, வினாத்தாள் இருக்கிறதா என்று மறுபடி பார்த்துக்கொண்டாள். ஒரே தாள். அதில் முனிலட்சுமி விடை எழுதிவிட்டால் ஆறு வருஷத்து முனைவர் பட்ட ஆய்வு முடிந்த மாதிரிதான்.

வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகளுக்குக் கணக்கைத் தெலுங்கிலும் விளக்கினால் ஏறுமா என்பது ஆய்வு. தன் பள்ளியில் ஆறாம் வகுப்பு 'அ' பிரிவில் முப்பது பேருக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தாள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக 'ஆ' பிரிவு முப்பது பேருக்குத் தமிழில் மட்டும். ஒருநாள் 'ஆ' பிரிவு முனிலட்சுமி வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சர், நானும் இங்க உக்காந்துக்கட்டா? அங்க ஒண்ணும் புரியமாட்டேங்குது."

"உன் வகுப்புக்குப் போ."

இரண்டு மாதத்தில் அவள் பள்ளிக்கே வராமல் போனாள். கடைசித் தேர்வை அந்தப் பிரிவில் எழுதியது இருபத்தொன்பது பேர்.

"அந்தப் பொண்ண விட்டுட்டா, ஏன் நின்னுட்டான்னு வாய்மொழித் தேர்வுல கேப்பாங்கம்மா," என்றார் நெறியாளர் பூபதி. "தேடிப் புடிச்சு எழுத வெச்சிருங்க."

தக்காளித் தோட்டத்தில் முனிலட்சுமியின் அம்மா மாரம்மா நிமிர்ந்து பார்த்தாள். "வாங்க டீச்சர். கணக்கு வரலன்னு தெனம் அழுதா. சரி, பழம் பறிக்க வாடின்னு நாந்தான் நிறுத்திட்டேன்."

ஜோதிமணி கைப்பையிலிருந்து வினாத்தாளை எடுத்தாள்.

முனிலட்சுமி பழம் அடுக்கும் பிளாஸ்டிக் கிரேட் ஒன்றைக் கவிழ்த்து உட்கார்ந்து, இன்னொன்றின் மேல் தாளை வைத்து எழுதினாள். மூன்றாவது கேள்வியில் பேனா நின்றது. இருபது கூடைப் பழத்தில் ஐந்தில் இரண்டு பங்கு விற்றால் மீதி எத்தனை?

"இத மட்டும் தெலுங்குல சொல்லுங்க டீச்சர்."

ஜோதிமணி வாட்சைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பெண் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

தாளை வாங்கிப் பைக்குள் வைத்த பிறகுதான் ஜோதிமணி வாயைத் திறந்தாள். அந்தக் கணக்கைத் தெலுங்கில் சொன்னாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அடுக்கியிருந்த கிரேட்டுகளை விரலால் பிரித்து எண்ணிய முனிலட்சுமியின் முகம் மலர்ந்தது.

"பன்னெண்டு. பேப்பரக் குடுங்க டீச்சர், எழுதிடறேன்."

"நேரம் முடிஞ்சிருச்சும்மா."

"பரவால்ல, தெரிஞ்சிருச்சுல்ல." பெண் சிரித்தாள். "திங்கக்கிழம வரட்டா? அந்த ரூமுக்கு?"

ஆய்வுக்கான அந்த வகுப்பு போன வாரமே முடிந்துவிட்டிருந்தது.

"வா," என்றாள் ஜோதிமணி.

வேண்டாம் என்றாலும் கேட்காமல் மாரம்மா ஒரு பை நிறையப் பழம் கொடுத்தாள். நல்ல பழமாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தாள். ஓசூர் பஸ்ஸில் ஜோதிமணி அதை மடியில் வைத்துக்கொண்டு, அதன் மேலேயே விடைத்தாளை விரித்தாள். சிவப்புப் பேனாவை எடுத்தாள். வண்டி இரண்டு ஊர் தாண்டும்வரை மூடியைத் திறக்காமல் வைத்திருந்தாள். பிறகு மூன்றாவது கேள்விக்கு நேராகச் சுழியம் போட்டாள்.