உறை போட்ட சளியன்

எங்கள் அத்தானுக்குக் குடிப்பழக்கம் இல்லை, சீட்டாட்டம் இல்லை, வெளியே தெரிகிற மாதிரி எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை. அதனால்தான் கல்யாணத்துக்கு முன்னால் விசாரித்தவர்கள் எல்லோரும் ஏமாந்து போனார்கள். "வேலை விட்டா வீடு, வீடு விட்டா வேலை, தங்கமான பையன்" என்று வந்து சொன்னார்கள். அந்த வீட்டுக்குள் தங்கம் என்ன வைத்திருக்கிறது என்று ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

வைத்திருந்தது பொம்மைகள். கட்டைவிரல் உயரம். ஒரு வீடியோ கேமில் வருகிற ஜந்துக்கள். அந்த கேமை ஆடுகிறவர் ஒரு பட்டணத்தின் சாக்கடைக் குழாய்க்குள் இறங்கி, அங்கே குடியிருக்கும் ராஜ குடும்பத்தை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்ட வேண்டும். ராஜ குடும்பம் என்பதால் கிரீடம், வாள் எல்லாம் உண்டு. உடம்பு முழுக்கக் கொப்புளமும் உண்டு. கம்பெனிக்காரன் இந்த அசிங்கத்தைத் திரையோடு விட்டிருக்கலாம். மெத்தென்ற ரப்பர் மாதிரி பிளாஸ்டிக்கில் வார்த்து, பெட்டியில் போட்டு விற்றான். அமுக்கினால் நிஜக் கொப்புளம் மாதிரியே அமுங்கி எழும். அதுதான் விசேஷமாம்.

"தொட்டுப் பாரு மாப்ள. என்ன ஒரு ஃபினிஷிங்!" என்பார் அத்தான்.

நான் ஒரே ஒரு தடவை தொட்டேன். அன்று மதியம் சாப்பாட்டுக்கு ஸ்பூன் கேட்டேன்.

கேமில் அவற்றுக்கு வாயில் நுழையாத பட்டப்பெயர்கள் இருந்தன. வீட்டில் நிலைத்தது அக்கா வைத்த பெயர்கள். மூக்கிலிருந்து பச்சையாக ஒழுகவிடும் ராஜா, சளியன். இரண்டு நாக்கு உள்ள ராணி, நக்கி. வயிறு பிளந்து குடல் எட்டிப் பார்க்கும் தளபதி, அஜீரணம். இப்படி ஒரு பரம்பரையே இருந்தது. கல்லூரிக்குப் பக்கம் என்று நான் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். எனக்கென்று ஒதுக்கிய சின்ன அறையில் எனக்கு ஒரு கட்டில், அவர்களுக்கு ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. நான்தான் அவர்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளி.

அத்தானுக்கு வேலை, பல் செட் செய்வது. பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். அத்தான் தன் பட்டறையில் ஒரு பொடியையும் ஒரு திரவத்தையும் குழைத்து ஈறு பிடித்து, அதில் பல் நடுவார். அந்தத் திரவத்தின் நெடி வாசலிலேயே ஆளைத் தள்ளும். நான் ஒருநாள் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே வீடு வந்தேன். அத்தான் வருஷக்கணக்காக அதற்கு நடுவில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்.

பொம்மை சேர்க்கிறவர்களுக்குத் தூசு என்றால் மரண பயம். விரல் ரேகை என்றால் அதைவிட. அத்தான் பட்டறையில் இதற்கு ஒரு வழி இருந்தது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறவர்களுக்காகக் கண்ணாடி மாதிரி ஓர் உறை செய்து கொடுப்பார். பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி, அது தளர்ந்து தொங்குகிற நேரம் பார்த்துப் பல் அச்சின் மேல் இறக்கினால், அடியில் உள்ள மோட்டார் காற்றை உறிஞ்சும். தகடு சந்து பொந்தெல்லாம் புகுந்து அச்சோடு அப்பிக்கொள்ளும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பல் அச்சு வைக்கும் இடத்தில் சளியனை வைத்தார். பல்லே இல்லாமல் பல் உறை போட்டுக்கொண்ட முதல் ஜீவன் சளியன்தான். பின்னாலேயே நக்கி, அஜீரணம், மொத்தப் பரம்பரையும் உறைக்குள் போனது. காலடியில் இன்னொரு தகடு வைத்துச் சுற்றிவர ஒட்டினார்.

"இனிமே காத்துகூட உள்ள போகாது" என்றார் பெருமையாக.

வினையே அதில்தான் இருந்தது. அந்த ரகப் பிளாஸ்டிக்கைச் சூடு காட்டி அடைத்து வைத்தால் வியர்க்கும். முதலில் பனித்துளி மாதிரி பூத்தது. பிறகு மஞ்சள் எண்ணெயாக இறங்கி, காலடியில் தேங்கி, சளியன் முழங்கால் வரை தன் வியர்வையிலேயே நின்றான். கொப்புளங்கள் மினுமினுத்தன. "பாலிஷ் ஏறுது பாரு" என்றார் அத்தான். கொஞ்ச நாளில் ஓரத்து ஒட்டு இளகி எண்ணெய் கசிந்தது. கூடவே வாடை வந்தது. பழைய செருப்புக்குள் வாழைப்பழத்தை நசுக்கி, அதைப் பூட்டிய காருக்குள் வெயிலில் மறந்துவிட்டால் ஒரு வாரம் கழித்து என்ன வருமோ, அது. மூக்கில் ஏறுவதோடு நிற்காமல் நாக்கிலும் படிந்தது. நான் பல் தேய்க்கிற பேஸ்ட்டில்கூட சளியன் இருந்தான்.

நான் சகித்துக்கொண்டேன், கல்லூரி கேன்டீனில் சாப்பிடுகிறவன். அக்காவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். மசக்கை தீர்ந்து வாய்க்கு ருசியாகச் சாப்பிட வேண்டிய நேரத்தில், அவள் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு பால்கனிக்கு ஓடினாள். பால்கனிக்கும் வாடை வந்தது. இரண்டு வாய் சாப்பிட்டால் மூன்று வாய் வெளியே வந்தது.

"அந்த அலமாரி நாறுதுங்க" என்றாள்.

"இந்த நேரத்துல தண்ணிகூட நாறும்மா உனக்கு. மசக்கை."

"மசக்கை எப்பவோ போயிடுச்சு. நாத்தம்தான் போகல."

"எனக்கு ஒண்ணும் வரலையே?"

நான் சாட்சிக்குப் போனேன். "நாறத்தான் செய்யுது அத்தான்."

"உன் சாக்ஸா இருக்கும் மாப்ள."

இதில் ஓரளவு நியாயம் இருந்ததால் என் சாட்சியம் எடுபடவில்லை. ஆனாலும் மனைவி சொன்னாளே என்று அத்தான் ஒரு காரியம் செய்தார். எல்லாவற்றையும் பட்டறைக்கு எடுத்துப்போய், போட்ட உறையின் மேலேயே இன்னோர் உறை போட்டுக் கொண்டுவந்தார். மறுபடியும் சூடு. அவை மறுபடியும் வியர்த்தன, இந்த முறை மனசு வைத்து.

அடுத்த பரிசோதனையில் எடை ஏறுவதற்குப் பதிலாக இறங்கியிருக்கிறது என்று டாக்டரம்மா அக்காவைக் கடிந்துகொண்டார். சாப்பிடாவிட்டால் குழந்தை எதை வைத்து வளரும் என்று கேட்டார். அக்கா வாசல் படியிலேயே உட்கார்ந்து அப்பாவுக்குப் போன் போட்டாள். ஞாயிறு சாயங்காலம் வந்து கூட்டிப்போகிறேன், பிரசவம் முடிந்து பார்க்கலாம் என்றார் அப்பா. அக்கா பெட்டி கட்டி வாசலருகில் வைத்துவிட்டு, அத்தானிடம் சொன்னாள்:

"அப்பா வர்றப்ப அலமாரி காலியா இருந்தா நான் இருக்கேன். இல்லேன்னா அதுங்களோடயே குடும்பம் நடத்துங்க."

அத்தானுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. வீட்டில் இருவர் பட்டினி. அக்காவை அனுப்பவும் மனசில்லை, பொம்மைகளைக் குப்பையில் போடவும் கை வரவில்லை. கடைசியில் ஓர் ஆள் பிடித்தார். கண் டாக்டர், அதே பைத்தியம். தன் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் கண்ணாடிப் பெட்டி செய்து மொத்தத்தையும் வைத்துக்கொள்கிறேன், எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்றிருந்தார். சொட்டு மருந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள், பார்வை தெளிந்ததும் முதலில் சளியனைப் பார்ப்பார்கள். 

ஞாயிறு மதியம் கண் டாக்டர் வந்தார். கூடவே நிபுணர் என்று ஒரு டிரைவிங் ஸ்கூல்காரரையும் அழைத்து வந்தார். போலிகளைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரராம்.

வாசலிலேயே கண் டாக்டர் நின்றார். "டிரெயினேஜ் வேலை நடக்குதா சார்?"

"இல்லையே. உள்ள வாங்க, உள்ள வாங்க."

சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் துணி விரித்து அத்தான் சளியனைக் கொண்டுவந்து வைத்தார். இரண்டு உறைக்கு நடுவிலும் மஞ்சள் எண்ணெய் மெதுவாக அலைந்தது.

"இது என்ன சார், தண்ணியில ஊறவெச்சிருக்கீங்க?" என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர்.

"அது பாலிஷ் சார்."

"பிரிங்க. அசலா போலியான்னு பாத்துருவோம்."

அத்தான் பட்டறைக் கத்தியால் ஓரத்தைக் கீறி உறையை இழுத்தார். சப்பென்று ஒரு சத்தம். தூங்குகிற கிழவர் வாயைத் திறப்பது போல. உறை கையோடு வந்தது. சளியனின் முகமும் உறையோடு வந்தது. கண், மூக்கு, பச்சை ஒழுகல் எல்லாம் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தன. மேஜையில் நின்றது வழவழவென்ற ஒரு சதைக் கட்டை. அதுவரை உள்ளே அடைபட்டிருந்த நாற்றம் மொத்தமும் எழுந்து நின்றது. கண் டாக்டர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார்.

ஆனால் டிரைவிங் ஸ்கூல்காரருக்குத் தொழில் பக்தி. இந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு: அசலைக் கண்டுபிடிக்கப் பொம்மையின் உள்ளங்காலை நாக்கு நுனியால் தொட்டுப் பார்ப்பார்கள். அசல் கசக்குமாம். யார் எப்போது எதற்காக முதன்முதலில் நக்கிப் பார்த்தார் என்று நான் கேட்டிருக்கிறேன். யாரும் பதில் சொன்னதில்லை. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, எண்ணெய் சொட்டும் காலைத் தூக்கி, இவரும் நாக்கை நீட்டினார்.

"கசக்குதா சார்?" என்று ஆவலாகக் கேட்டார் அத்தான்.

அவருடைய கன்னம் இரண்டும் உப்பின. வாஷ்பேசினுக்குப் பாதி தூரம்தான் போக முடிந்தது. மீதி தூரத்தை அவருடைய மதியச் சாப்பாடு தனியாகப் போய்ச் சேர்ந்தது.

கண் டாக்டர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். "சார், ஆஸ்பத்திரில இன்ஃபெக்ஷன் கன்ட்ரோல்னு ஒண்ணு இருக்கு சார்" என்பது மட்டும் கீழிருந்து கேட்டது. டிரைவிங் ஸ்கூல்காரரும் வாயைத் துடைத்துக்கொண்டே பின்னால் ஓடினார்.

சத்தம் கேட்டு அக்கா ஈரத் துண்டை மூக்கில் அழுத்தியபடி அறை வாசலுக்கு வந்தாள். தரையில் அது கிடந்தது. மேஜையில் சளியன் கிடந்தான். அத்தான் அவன் மேல் குனிந்து, எண்ணெயிலிருந்து ஓர் அங்குலத்தில் மூக்கை வைத்து, முகம் போய்விட்ட துக்கத்தில் நெஞ்சு நிறைய மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். நிதானமாக. பூந்தோட்டத்தில் நிற்பவர் மாதிரி.

அக்கா அவரையே பார்த்தாள்.

"உங்களுக்கு ஒண்ணுமே தெரியலையா?"

"என்ன தெரியணும்?"

"கண்ணை மூடுங்க."

அவர் மூடினார். அக்கா பினாயில் பாட்டிலைத் திறந்து அவர் மூக்கடியில் நீட்டினாள். "இது என்ன?"

"தண்ணியா?"

என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். நான் கட்டிலடியிலிருந்து சாக்ஸைக் கொண்டுவந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அது ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது.

"இது?"

அத்தான் ஆழமாக இழுத்து யோசித்தார். "துணி மாதிரி படுது. துவைச்ச துணியா?"

அக்கா சாக்ஸை விரல் நுனியில் தூரமாகப் பிடித்தாள்.

அத்தான் கண்ணைத் திறந்து பினாயிலைப் பார்த்தார், சாக்ஸைப் பார்த்தார், என் முகத்தையும் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீ பொய் சொல்றேன்னு நெனச்சேன்மா."

"நீங்க வேணும்னே பண்றீங்கன்னு நான் நெனச்சேன்." அக்காவின் குரல் துண்டுக்குள்ளிருந்து வந்தது. "அந்தப் பாழாப்போன பட்டறை மருந்துதான் உங்க மூக்கை அடிச்சிருக்கு. நாளைக்கே மூக்கு டாக்டர்கிட்ட போறோம்."

"கேஸ் லீக் ஆனாகூட எனக்குத் தெரியாதா அப்ப?"

"தெரியாது."

"பாப்பா ஆய் போனா?"

"அதுவும் தெரியாது. அதைச் சாக்கா வெச்சு தப்பிச்சுக்கலாம்னு பாக்காதீங்க."

அத்தான் எழுந்தார். பெரிய குப்பைப் பை ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து விரித்துப் பிடிக்கச் சொன்னார். முதலில் சளியனைப் போட்டார். பிறகு அவன் முகத்தை. அலமாரியைத் திறந்து அடுத்ததை எடுத்தார். தன் மூக்கில் வைத்து இழுத்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை போல. கையை நீட்டி அக்காவிடம் காட்டினார். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து துண்டை லேசாக விலக்கினாள்.

"இது நாறுதா?"

"நாறுது."

பையில் போட்டார். "இது?"

"நாறுது."

"நக்கி?"

"ஐயோ, தூக்கிப் போடுங்க அதை!"

ஒரு தட்டு காலியானபோது அப்பா வந்தார். வாசலிலேயே சட்டை நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னடா செத்துக் கிடக்கு?" என்றார்.

"ராஜ குடும்பம்பா. அங்க பாத்து கால் வைங்க, அது வேற ஒருத்தரோடது" என்றேன்.

"பெட்டியை எடுத்துக்கட்டுமாம்மா?"

"இருங்கப்பா. இன்னும் ரெண்டு தட்டு பாக்கி இருக்கு" என்றாள் அக்கா. அப்பா பெட்டியைத் தொடாமல், கீழே போய் வண்டியில் உட்கார்ந்துகொள்வதாகச் சொல்லி இறங்கிவிட்டார்.

கடைசித் தட்டின் மூலையில் ஒன்று மிச்சம் இருந்தது. கிரீடம் மட்டும் பெரிதாக உள்ள ஒரு குட்டி இளவரசன். கொப்புளம் குறைவு. இரண்டாம் உறை போட எடுத்துப்போனபோது மூலையில் விட்டுப்போனது, அதனால் ஒற்றை உறைதான், எண்ணெயும் அதிகமில்லை. அத்தான் அதை இரண்டு கையாலும் நீட்டினார்.

"இது?"

அக்கா துண்டை முழுசாக எடுத்துவிட்டு முகர்ந்தாள். அத்தான் முகத்தையும் ஒரு தடவை பார்த்தாள்.

"இது கொஞ்சம் பரவாயில்ல."

அத்தான் முகம் மலர்ந்தது. "அப்ப இதை மட்டும்..."

"எதுக்கும் போட்டுடுங்க."

போட்டார். பையின் அடியிலிருந்து ஏதோ வெதுவெதுப்பாக என் கால் கட்டைவிரலில் சொட்டியது.