ஜெபக் குறிப்பு

கொதிக்கும் எண்ணெயில் மாவுத் துண்டுகளைத் தள்ளிக்கொண்டிருந்த டோல்குனின் கையிலிருந்து ஜல்லிக் கரண்டியை வாங்கப் பார்த்தாள் மைரம்குல்.

"நீ போய் அவர் பக்கத்துல உட்காருடி. போர்சோக்க நான் பொரிக்கிறேன்."

"இருக்கட்டும்."

"காலையிலேருந்து ஒரு சொட்டுத் தேத்தண்ணி கூடக் குடிக்கல நீ."

டோல்குன் கரண்டியை விடவில்லை. பதினான்கு வருஷத்துக்கு முன் இருவரும் ஒரே நாளில், சூ ஆற்றின் ஒரே மடுவில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். குளிரில் பல் கிட்டிப்போய், ஒரே போர்வைக்குள் சுருண்டு வீடு திரும்பியவர்கள். அன்றிலிருந்து டோல்குன் மைரம்குல்லைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'அக்கா'தான்.

உள்ளறையில் டோல்குனின் புருஷன் எசென் சவப்பெட்டியில் கிடந்தான். வியாழக்கிழமை மத்தியானம் மேல் ஊரின் பஸ் நிறுத்தத்தில், பெஞ்சில் உட்கார்ந்தபடியே போயிருந்தான். மாரடைப்பு என்றார் டாக்டர். செத்தது எதனால் என்று யாரும் கேட்கவில்லை. மேல் ஊரில் அவனுக்கு என்ன வேலை என்பதைத்தான் வந்தவர்களெல்லாம் கண்ணாலேயே கேட்டார்கள்.

டோல்குனும் அதைத்தான் போன ஜனவரியில் கேட்டுக்கொண்டிருந்தாள், தனக்குள். வியாழன்தோறும் காலையில் சவரம் செய்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு போவான். சாயங்காலம் வந்தால் கையில் வேறேதோ சோப்பு வாசனை. எங்கே என்றால், "ஒரு வேலை" என்பான். நெஞ்சு தாங்காமல் ஒருநாள் மைரம்குல்லிடம் அழுதுவிட்டாள்.

"அக்கா, எனக்காக ஜெபம் பண்ணு. வேற யாருக்கும் தெரிய வேணாம்."

"ஐயோ, இதப் போய் யார்கிட்ட சொல்லுவேன்? ஆண்டவர்கிட்ட மட்டும்தான்."

புதன்கிழமைப் பெண்கள் கூட்டத்தில், 'நம் சபையில் ஒரு குடும்பத்துக்காக, வழி தவறிப்போகும் ஒரு புருஷனுக்காக' என்று ஒரு ஜெபக் குறிப்பு வந்தது. டோல்குன் அன்று காய்ச்சலில் படுத்திருந்தாள். அடுத்த வாரம் அந்தக் குடும்பம் எதுவென்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதற்கடுத்த வாரம் மேல் ஊரில் ஒரு விதவையும் முளைத்துவிட்டாள். பனி உருகும்போது அவளுக்கு ஒரு பிள்ளையும் இருந்தது.

போதகர் ஜுமாபெக் இரண்டு மூப்பர்களோடு வந்து விசாரித்தார். எசென் ஒரே பதிலைத்தான் சொன்னான்.

"நான் பாவம் எதுவும் பண்ணல. எங்க போறேன்னு சொல்ல மாட்டேன். ஒருத்தருக்கு வாக்கு குடுத்திருக்கேன்."

திருவிருந்துப் பாத்திரத்தை ஏந்திக் கொடுத்துவந்தவன் அதன்பின் கடைசி பெஞ்சுக்குப் போனான். வீட்டில் ஒரே ஒரு முறை கேட்டான்: "நீயும் நம்புறியா?" அவள் அவனுடைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் காலரைத் தேய்த்தாள். அவன் மறுபடி கேட்கவில்லை.

பெட்டியை முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். மதம் மாறினவனுக்கு ஊர் முஸ்லிம் கல்லறையில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். ரயில் பாதைக்கு அப்பால் பழைய ருஷ்யக் கல்லறையில்தான் குழி. போதகர் வேதப்புத்தகத்தை மூடிவிட்டுப் பேசினார்.

"நம்ம சகோதரனுக்கும் சில பலவீனங்கள் இருந்திருக்கலாம். ஆனா கர்த்தர் இரக்கமுள்ளவர்..."

"என்ன பலவீனம்?"

வாசலிலிருந்து குழறலாக ஒரு குரல். சக்கர நாற்காலியில் ஒரு கிழவர்; பின்னால் தள்ளிக்கொண்டு ஒரு இளம்பெண். டோல்குன் திகைத்தாள். எசெனின் அண்ணன் ஒரோசாலி. தம்பி ஞானஸ்நானம் பெற்ற அன்று, 'எனக்குத் தம்பியே இல்ல' என்று ஊர் கேட்கச் சொன்னவர். இப்போது வலக்கை மடியில் செத்துக் கிடந்தது. முகத்தில் ஒரு கன்னம் மழுங்க மழித்திருந்தது. மறு கன்னத்தில் நரைமுள்.

"சொல்லுய்யா. என் தம்பிக்கு என்ன பலவீனம்?"

போதகர் மூடிய வேதப்புத்தகத்தை மறுபடி திறந்தார்.

"ரெண்டு வருஷமா வியாழக்கிழமை வியாழக்கிழமை என் வீட்டுக்கு வந்தான். எனக்குக் கை கால் விழுந்ததுலேருந்து. இதோ நிக்கிற பெத்த மகளை எப்படிக் குளிப்பாட்டச் சொல்வேன்? அவன்தான் குளிப்பாட்டினான். சவரம் பண்ணினான். மதம் மாறின தம்பி கையால குளிக்கிறேன்னு ஊர் சிரிக்கும். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன்." மூச்சு வாங்கியது. "முந்தாநாள் பாதியில கத்திய வச்சுட்டான். கை வலிக்குது, மிச்சத்த அடுத்த வாரம் பண்றேன்னான்."

டோல்குன் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மொதல்ல சொன்னது நான்தான்," என்றாள். அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "அவர் பேர்ல சந்தேகப்பட்டு, வெளியில சொன்னது நான். இத்தனை பேர் முன்னால ஒத்துக்கிறேன். அவர்கிட்ட கேட்டிருக்கணும் மன்னிப்பு. இப்ப கேக்கறேன்."

போதகரின் பார்வை மெல்ல மைரம்குல் பக்கம் போனது. வேறு சில பெண்களும் பார்த்தார்கள். டோல்குனும் பார்த்தாள். பார்த்துக்கொண்டே காத்திருந்தாள். ஒரு சொல் போதும். 'நானும்' என்று ஒரு சொல்.

மைரம்குல் தலைத்துணியின் முடிச்சை இறுக்கினாள். பிறகு கண்களை மூடி, நடுங்கும் அழகான குரலில் அடக்கப் பாட்டை எடுத்தாள். ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். இரண்டாவது அடியில் போதகரும் சேர்ந்துகொண்டார். டோல்குன் மட்டும் பாடவில்லை.

ஆண்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் அங்கே போகும் வழக்கமில்லை. கிழவரின் நாற்காலிச் சக்கரம் வாசல் சேற்றில் புதைந்து நகர மறுத்துவிட்டது. பெண்களோடு அவரும் முற்றத்திலேயே தங்கிவிட்டார். தெருமுனை திரும்பும்வரை உதடுகளைக் கடித்துக்கொண்டு பார்த்தார்.

டோல்குன் உள்ளே போய் வெந்நீரும் சோப்பும் எசெனின் சவரக்கத்தியும் கொண்டுவந்தாள். அவர் எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீ செய்ய வேணாம்மா," என்றார் கிழவர்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க."

அவர் திரும்பினார். குனிந்து நுரை தடவும்போது அவர் சட்டையிலிருந்து அந்த வியாழக்கிழமைச் சோப்பு வாசனை எழுந்தது. அவள் கை ஒரு கணம் நின்று, மறுபடி நகர்ந்தது.

மைரம்குல் இரண்டு கிண்ணங்களில் தேநீர் கொண்டுவந்தாள். கண்கள் சிவந்திருந்தன. "டோல்குன்," என்றாள் தாழ்ந்த குரலில், "உனக்காக ஜெபிக்கத்தான்டி அன்னிக்கு..."

கிழவர் ஒரு கண்ணைத் திறந்தார். "இது யாரு? சொந்தமா?"

டோல்குன் கத்தியைத் தண்ணீரில் அலசினாள்.

"பக்கத்து வீட்டுக்காரம்மா," என்றாள்.

மைரம்குல் கிண்ணங்களோடு நின்றாள். வைக்க இடம் தேடுவதுபோல முற்றத்தைச் சுற்றிலும் பார்த்தாள்.