விழுங்கப்பட்ட 470 கிலோ

கிரேன் ஓட்டும் தம்பி ஒரு வாரமாகவே அக்காவை அரித்துக்கொண்டிருந்தான். "அந்தத் திரையில ரயில் மாதிரி நீளமா நம்பர் வருதுக்கா. படிக்கிறதுக்குள்ள கண்ணு பூத்துடுது. சுருக்கமா காட்டேன்."

அதே தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் இருந்தாள் அவள். எடையை கிராம், கிலோ, டன் என்று மாற்றிக் காட்ட ஒரு சின்ன நிரல் தொகுப்பு எழுதினாள். 850 கிராம், இரண்டு கிலோ, மூன்று டன் என்று போட்டுப் பார்த்ததெல்லாம் சரியாக வந்தது. காலையில் கிரேன் திரையில் ஏற்றிவிட்டுச் சாப்பிடப் போனாள்.

திரும்பி வந்து பதிவுகளைப் பார்த்தாள். இப்போது தூக்கியிருக்கும் பாரத்துக்குக் கிரேன் தராசு சொன்னது 10,470 கிலோ. திரை காட்டியது 10 டன். முழு எண்ணாக்கும்போது மிச்சத்தை நிரல் விழுங்கியிருந்தது. அந்தப் பழைய கிரேன் தூக்கக்கூடியதே பத்து டன்தான். பாரம் மீறினால் தானாக நிற்கவும் அதற்குத் தெரியாது.

ஜன்னலுக்கு வெளியே இரும்பு உருளை ஆளுயரத்தில் தொங்கியது. இரண்டு பேர் அதைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார்கள்.

வாக்கிடாக்கியை எடுத்தாள். "தம்பி, பாரம் அதிகம். இறக்கு."

"பத்துன்னுதானே காட்டுது? பத்து தூக்கலாமே."

"காட்டுறது தப்பு. நான்தான் தப்பா எழுதிட்டேன். கீழ இருக்கிறவங்கள முதல்ல விலகச் சொல்லு."

 கிரேனின் ஹாரன் அலறியது. இருவரும் விலகி ஓடினார்கள். உருளை அங்குலம் அங்குலமாக இறங்கியது. முழங்கால் உயரத்தில் 'டிங்' என்றொரு சத்தம். கம்பிவடத்தில் ஒரு புரி அறுந்து சுருண்டது.  உருளை தரையைத் தொட்டது.

அவள் வெளியே ஓடியபோது தம்பி இறங்கி வந்திருந்தான். "நெஜமா எவ்வளவுக்கா?"

சொன்னாள். அவன் கிரேன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "வடம் பழசு, அதான் அறுந்துச்சுன்னு சொல்லிடலாம்" என்றான் மெல்ல.

"வேண்டாம்டா. நாளைக்கு வடத்த மட்டும் மாத்திட்டு மறுபடி தூக்கச் சொல்லுவாங்க."

மேலாளரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவர் முகம் இறுகியது. "சரியாகுற வரைக்கும் கிரேன் நிக்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

அவள் உட்கார்ந்து, இந்த முறை பத்து டன்னுக்குச் சற்றுக் கீழே 9,999 கிலோ, சற்று மேலே 10,001 கிலோ என்று போட்டுப் பார்த்தாள். பின்னால் நிழலாடியது. உருளையைப் பிடித்துத் திருப்பிய அந்த இருவர்.

"நீங்க பாருங்கம்மா," என்றார் மூத்தவர், நாற்காலியை இழுத்துப் போட்டபடி. "நாங்களும் பாக்குறோம்."