தொட்டி மூடி

செடிகளுக்குப் பின்னால் மழைநீரோடு கிடந்த பழைய வாளியைக் கவிழ்த்தபோது, சிமெண்ட் வில்லை ஒன்று சிற்பியின் காலடியில் விழுந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் சோதனைக்கென்று அவளே வார்த்துப் பார்த்தது. சும்மா எடுத்து இரண்டு கையாலும் வளைத்தாள். பிஸ்கட் மாதிரி பட்டென்று உடைந்தது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றைக்கு இதன் ஜோடியைச் சுத்தியலால் அடித்தும் அவளால் உடைக்க முடியவில்லை. உடைந்த ஓரத்தை விரலால் தேய்த்தாள். உள்ளே வைத்திருந்த கண்ணாடி இழைகள் வெறும் தூளாக ஒட்டின.

அந்தக் கலவைதான் அவளுடைய பெருமை. கனமான சிலைகளைத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போன பிறகு, சிமெண்டில் எதையெதையோ கலந்து பார்த்து, கடைசியில் இந்த இழையில் வந்து நின்றாள். விரல் கனத்துக்கு வார்த்தால் போதும், மேலே ஆள் ஏறி நிற்கலாம். முதலில் சுவரில் மாட்டும் முகங்கள். அப்புறம் கை சும்மா இருக்கவில்லை. கைகழுவும் தொட்டி, பெஞ்சு, பால்கனியில் தொங்கும் பூத்தொட்டி என்று கண்டதையெல்லாம் வார்த்தாள்.

"அடுத்தது என்னையும் அச்சுல ஊத்திடுவியாக்கா?" என்று தங்கை கிண்டல் செய்தாள். கையோடு ஒரு வேலையும் கொடுத்தாள். வீட்டு முற்றத்தில், தரைக்கடியில் இருந்த தண்ணீர்த் தொட்டிக்கு ஓர் இரும்பு மூடி. அதை அசைக்கவே இரண்டு ஆள் வேண்டும். சிற்பி அதற்குப் பதிலாக, மேலே மீன் உருவம் வைத்து, அரைக்கதவு அளவுக்கு ஒரு மூடி செய்து கொடுத்தாள்.

இழை விற்ற கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

"அது படகுக்குப் போடற இழைம்மா. சிமெண்டுக்குன்னு வேற இருக்கே. இதை சிமெண்ட் அரிச்சுடும். ஈரம் பட்டா இன்னும் சீக்கிரம்."

"இதை அன்னைக்கே சொல்லக்கூடாதா?"

"எதுக்குன்னு நீங்களும் சொல்லலையே."

தொட்டி மூடியின் அடிப்பக்கம் எந்நேரமும் வியர்த்து ஈரமாகத்தான் இருக்கும்.  உடனே தங்கைக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. கிடைத்த வண்டியில் ஏறினாள்.

வாசற்கதவைத் தள்ளியவள் அப்படியே நின்றுவிட்டாள். மூடியின் நட்டநடுவில் பிளாஸ்டிக் நாற்காலி. அதில் தங்கையின் மாமனார், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், ஆஜானுபாகு. மடியில் தங்கையின் மகள் பொட்டு. மத்தியான நிழல் அங்கேதான் விழுந்திருந்தது.

"வாம்மா, வா!" என்று அவர் எழப்போனார்.

"மாமா, எந்திரிக்காதீங்க!"

அவர் தொப்பென்று திரும்ப உட்கார்ந்தார். அடியிலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். அது அவள் காதில் மட்டும்தான் விழுந்தது போலிருந்தது.

"ஏம்மா, பாம்பு கீம்பு ஏதாவது...?"

"இல்ல மாமா. மூடி உளுத்துப்போச்சு. ஆடாம இருங்க, பொட்டுவை என்கிட்ட குடுங்க."

"யானை ஏறினாலும் தாங்கும்னியே?"

"இப்ப தாங்காது மாமா. மெதுவா குடுங்க."

அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. சிற்பி கரையில் குப்புறப் படுத்து இரண்டு கையையும் நீட்டினாள்.

"பெரியம்மா, நான் குதிக்கட்டா?"

"வேணாம்டா கண்ணு. தாத்தா தூக்கிக் குடுப்பாங்க."

அவர் குழந்தையோடு முன்னால் சாய்ந்தார். நாற்காலியின் முன்கால்கள் அழுந்தின. மீனின் வயிற்றுக்குக் குறுக்கே மயிரிழை போல ஒரு கோடு ஓடியது. சிற்பி குழந்தையின் அக்குளைப் பற்றி வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த தங்கை சத்தம் கேட்டு ஓடிவந்தாள். "ஏணி! ஏணியை எடு!" என்று சிற்பி கத்தினாள். பெண்கள் இருவருமாகச் சுவரில் சாய்ந்திருந்த ஏணியை எடுத்து, அவர் முழங்காலுக்கு முன்னால், தொட்டியின் இரு கரையிலும் படும்படி குறுக்கே கிடத்தினார்கள். அவர் அதைப் பிடித்து எழவும் நாற்காலியின் பின்கால் உள்ளே போனது. மறு நொடி மூடி இரண்டாகப் பிளந்து, நாற்காலியோடு தண்ணீரில் விழுந்தது.

ஸ்டியரிங் பிடித்த கைகள் ஏணியை விடவில்லை. இடுப்புக்குக் கீழே தொட்டிக்குள் தொங்கியவரை, இருவரும் சட்டையையும் பெல்ட்டையும் பிடித்து இழுத்துக் கரையேற்றினார்கள். முழங்காலிலிருந்து பாதம் வரை தோல் வழன்றிருந்தது. அவர் தரையில் உட்கார்ந்து அந்தக் கருப்புத் தண்ணீரையே வெகுநேரம் பார்த்தார். 

தங்கை குழந்தையை இறுக்கி அணைத்தபடி கேட்டாள். "அக்கா, இதே கலவையில வேற யாருக்கெல்லாம் செஞ்சு குடுத்தே?"

பல் டாக்டரின் மூன்றாம் மாடி பால்கனி. அதில் நான்கு பூத்தொட்டிகள். தினமும் தண்ணீர் ஊற்றுவார்கள். நேர் கீழே பஸ் நிறுத்தம்.

 சிற்பி டாக்டருக்குப் போனில் சொல்லிவிட்டு, வாசலில் காத்திருந்த அதே வண்டியில் அங்கே ஓடினாள். பஸ்ஸுக்கு நின்றவர்களைக் கெஞ்சிக் கூத்தாடி எதிர்ப்பக்கம் அனுப்பினாள். பைத்தியமோ என்று பார்த்துக்கொண்டே போனார்கள். மேலே டாக்டரும் காவலாளியும் கயிறு கட்டி ஒவ்வொன்றாக உள்ளே இழுத்தார்கள். மூன்று முழுசாக வந்தன. நான்காவதன் விளிம்பு காவலாளியின் கையோடு பெயர்ந்து வந்தது. நல்லவேளையாகக் கயிறு பிடித்துக்கொண்டது.

அங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த வாரத்திலேயே மற்றவற்றையும் தேடிப்போய், கெஞ்சியும் சண்டை போட்டும் திரும்ப வாங்கித் தன் கையாலேயே உடைத்தாள். சரியான இழை வாங்கி மறுபடி வார்க்கத் தொடங்கியபோது, இந்த இழையாவது ஈரத்தைத் தாங்குகிறதா என்று பார்க்க, செய்ததையெல்லாம் தண்ணீரில் போட்டுவைத்தாள். கேட்டு வந்தவர்களிடம், "இன்னும் ஊறட்டும்," என்று மட்டும் சொன்னாள். எத்தனை காலம் என்று அவளுக்கே தெரியவில்லை.