உப்பு கேட்ட விருந்தாளி

ஷெத்லியாவின் பண்ணையில் விருந்தாளியாக இருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. சும்மா உட்காரத் தெரிய வேண்டும். நூரிக்கு அது வராது. முப்பத்தாறு வருஷம் தூனிஸ் நகரத்தில் ஒரு தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்த கை அவருடையது. அரை மணி நேரம் வேலையில்லாமல் இருந்தால் விரலெல்லாம் அரிக்கும்.

மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். கடைசி மூன்று வருஷமாக, ஆலிவ் பறிக்கும் நவம்பரில், இந்த மலையடிவாரப் பண்ணைக்கு வந்து நாலு நாள் தங்கிவிட்டுப் போகிறார். ஷெத்லியாவும் கணவனை இழந்தவள்தான். பழைய தானிய அறைகள் மூன்றைச் சுண்ணாம்படித்துக் கட்டில் போட்டு ஆட்களைத் தங்கவைக்கிறாள். ஆடுகளையும் தோப்பையும் அவளுடைய அண்ணன் பல்காஸிம் பார்த்துக்கொள்கிறான். போன இரண்டு முறையும் நூரி ஊருக்குத் திரும்பிய பிறகு, 'கேட்காமல் வந்துவிட்டோமே' என்று தலையில் அடித்துக்கொண்டார். இந்த முறை கேட்டுவிடுவது, ஷெத்லியா தன்னைக் கட்டிக்கொள்வாளா என்று வாயைத் திறந்து கேட்டேவிடுவது என்ற முடிவோடுதான் வந்திருந்தார்.

ஆனால் எங்கே கேட்பது? காலையில் மாதுளை மரத்தடியில் விருந்தாளிகளுக்கு மேஜை போட்டுவிடுவாள். எண்ணெயில் பொரித்த முட்டை, ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, மிளகாய் விழுது, மண் அடுப்பில் ஒட்டிச் சுட்ட ரொட்டி, நடுவில் ஒரு கிண்ணம் தேன். இந்த முறை பக்கத்து அறையில் ஒரு வக்கீலும் அவர் மனைவியும் தங்கியிருந்தார்கள். இருவரும் பிறவி விருந்தாளிகள். நாள் முழுக்க உட்கார்ந்து கோழிகளைப் படம் எடுத்தார்கள். உள்ளே சமையல்கட்டில் ஷெத்லியாவும் பல்காஸிமும் பறிக்க வந்த பெண்களும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து தின்பார்கள், சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே நூரி தேனைத் தொட்டுக்கொள்வார். தேன் இனிக்காது.

ஒரு வாளியைத் தூக்கப் போனாலும் குரல் வந்துவிடும்.

"சி நூரி! வைங்க கீழ! விருந்தாளிய வேலை வாங்குறா ஷெத்லியான்னு ஊரே சிரிக்கவா?"

அங்கே ஆணுக்கு 'சி', பெண்ணுக்கு 'லெல்லா' போட்டுக் கூப்பிட்டால் மரியாதை. அந்த மரியாதை நூரிக்கு எட்டிக்காயாகக் கசந்தது.

இரண்டாம் நாள் சாயங்காலம் எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கோதுமை ரவைக் குஸ்குஸ் பரிமாறினாள். ஆட்டுக்கறியும் பரங்கிக்காயும் போட்டு, மூன்று தரம் ஆவி கட்டி, மதியத்திலிருந்து அடுப்படியே கதியாகக் கிடந்து செய்தது. நூரி கரண்டியைக் கீழே வைத்தார்.

"லெல்லா ஷெத்லியா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

வக்கீல் மனைவிகூட நிமிர்ந்து பார்த்தாள். ஷெத்லியா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நேராக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"கேளுங்களேன்."

அந்தக் கண்ணைப் பார்த்ததும் மனுஷனுக்குக் கேட்க வந்ததெல்லாம் பறந்துபோயிற்று.

"கொஞ்சம்... உப்பு."

அந்த ஊரில் குஸ்குஸ் சமைத்தவளிடம் உப்பு கேட்பதும், கல்யாணப் பெண்ணைப் பார்த்து மூக்கு கோணல் என்பதும் ஒன்றுதான். பல்காஸிம் தட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது. ஷெத்லியா எழுந்து போய் உப்பு ஜாடியைக் கொண்டுவந்து 'டக்'கென்று வைத்தாள். கேட்டதைப் போட்டுக்கொள்ளாமல் விட முடியுமா? நல்ல சாப்பாட்டில் உப்பைக் கொட்டி, கடைசிப் பருக்கை வரை தின்று, இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தார் நூரி.

மறுநாள் காலை மாதுளை மரத்தடி மேஜையில் இரண்டே தட்டுகள் இருந்தன. இரண்டும் வக்கீல் வீட்டுக்காரர்களுக்கு. நூரிக்கு முகம் தொங்கிப்போயிற்று.

"நூரி! அங்க என்ன நட்டு வெச்ச மரமாட்டம் நிக்கிறீங்க? உள்ள வாங்க!"

'சி' இல்லை. வெறும் நூரி.

சமையல்கட்டில் நேற்றைய ரொட்டி, ஒரு தட்டில் எண்ணெய், ஒரு வெங்காயம். தேனைக் காணோம். தேநீரும் ஆறியிருந்தது.

"வெரசா தின்னுங்க. மேட்டுத் தோப்புக்கு ஆள் பத்தல" என்றபடி அவர் மடியில் மூன்று ஆட்டுக்கொம்புகளைப் போட்டாள். விரலில் மாட்டிக்கொண்டு கிளையை வாரினால் காய் உதிரும்.

போச்சு, ஒரு சிட்டிகை உப்பில் குடி முழுகிப்போச்சு என்று நினைத்துக்கொண்டே நூரி ஏணியில் ஏறினார். ஆனால் கொம்பால் கிளையை வாரி இழுத்ததும் ஆலிவ் சடசடவென்று கீழே விரித்த வலையில் கொட்டியது. விரல் அரிப்பு நின்றது. இன்னொரு கிளை. இன்னொன்று.

"இலையப் பறிக்காதீங்க, காயப் பறிங்க!" என்று கீழிருந்து ஷெத்லியா கத்தினாள்.

"தபால்காரரே, அந்த உச்சிக் கிளைக்கு இன்னும் தபால் போவல!" என்றான் பல்காஸிம்.

பெண்கள் சிரித்தார்கள். நூரியும் சிரித்தார். மதியம் எல்லோரோடும் ஒரே தட்டில் ரொட்டியைப் பிய்த்துத் தொட்டுத் தின்றார். கையெல்லாம் கீறல். இவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அவள் கோபமாக இருக்கிறாளே என்ற முள் ஒன்றுதான் உள்ளே குத்திக்கொண்டிருந்தது.

நாலாம் நாள் காலை புறப்பாடு. அந்த வீட்டிலிருந்து எந்த விருந்தாளியும் வெறுங்கையோடு போனதில்லை. வக்கீல் மனைவியைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்து, புது எண்ணெய் ஒரு பாட்டில், துணியில் கட்டின சூடான ரொட்டி, நாலு மாதுளை எல்லாம் கொடுத்து அனுப்பினாள் ஷெத்லியா. பிறகு நூரியிடம் வந்தாள். அவள் கையில் ஒரு காலி டின்னும் மடித்த சீட்டும் இருந்தன.

"இந்தாங்க."

"எண்ணெய்...?" கேட்டுவிட்டுக் கூசிப்போனார் நூரி.

"எண்ணெய் விருந்தாளிக்கு. இந்த டின்னு ஒழுவுது, டவுன்ல அடைச்சுக் கொண்டாங்க. செவ்வாக்கெழம செக்குல நம்ம மொறை. அதுக்குள்ள வந்து சேரணும். மிச்சமெல்லாம் சீட்டுல இருக்கு."

"செவ்வாக்கெழமைக்குள்ள... நானா?"

"ஏன், அங்க யாராவது வழி பாத்துட்டு இருக்காங்களா?"

ஓட்டை டின்னைப் பிடித்துக்கொண்டு அவர் அப்படியே நின்றார். அவரை டவுனில் கொண்டுபோய் விட வண்டியோடு காத்திருந்த பல்காஸிம் தலையை நீட்டினான்.

"முப்பத்தாறு வருஷம் ஊரான் கடுதாசியெல்லாம் பிரிச்சாரு. தனக்கு வந்த கடுதாசிய வாசிக்கத் தெரியல பாரு!"

ஷெத்லியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

வண்டி மேட்டைக் கடந்ததும் நூரி சீட்டைப் பிரித்தார். ஈஸ்ட். சாக்குத் தைக்க ஊசி இரண்டு. ஆட்டுக்குப் புழு மருந்து. ஆம்பளை மழைச் செருப்பு, நாற்பத்திரண்டாம் நம்பர். அது அவருடைய கால் அளவு. கடைசி வரியில், உப்பு இரண்டு கிலோ, இனிமேல் என்னிடம் கேட்கக் கூடாது.

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துத் தொண்டையைச் செருமினார்.

"பல்காஸிம், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"உப்புன்னு மட்டும் சொன்னீங்க, இங்கயே எறக்கி விட்டுருவேன்."

இந்த முறை நூரி உப்பு கேட்கவில்லை.