ஒரு கட்டம் தள்ளி நின்ற சிப்பாய்

பஸ் பணிமனையின் சதுரங்க அணியில் ஒரே ஒரு இடம்தான் காலி. கேட்டு நின்றவர்களோ புருஷனும் பெண்டாட்டியும். அவன் வெல்டர், அவள் பஸ்களுக்குப் பெயிண்ட் அடிப்பவள். அணியைப் பார்த்துக்கொண்ட ஸ்டோர்கீப்பர், இந்த வம்பே எனக்கு வேண்டாம், வீட்டிலேயே தீர்த்துக்கொண்டு ஒருவர் மட்டும் வாருங்கள் என்று கைகழுவிவிட்டார். அன்றிலிருந்து வெல்டிங் கொட்டகையில் ஒரே கேலி. வீட்டில் யார் ராணி, யார் சிப்பாய் என்று போகிறவன் வருகிறவனெல்லாம் கேட்டான்.

அவள்தான் வழி சொன்னாள். கிராண்ட்மாஸ்டர்களின் பெயர்பெற்ற ஆட்டங்களிலிருந்து எடுத்த புதிர்ப் புத்தகம் ஒன்று அவளிடம் இருந்தது. வேலை விட்டு வந்ததும் அடுத்த புதிரைப் பலகையில் அடுக்குவது, முதலில் விடை சொல்கிறவருக்கு ஒரு புள்ளி; பத்து நாளில் அதிகப் புள்ளி எடுத்தவருக்கு அணியில் இடம். விடைகள் இருந்த கடைசிப் பக்கங்களை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவைத்தாள்.

ரப்பர் பேண்டை அவிழ்க்க எவ்வளவு நேரமாகும்? அவள் குளிக்கப் போகிற நேரம் போதாதா?

ஒரே ஒரு தடவை என்றுதான் பார்த்தான். அப்புறம் கை தானாகப் போனது. சந்தேகம் வராமலிருக்கக் கொஞ்சம் நெற்றியைத் தேய்த்துக்கொள்வான். அவளோ தோற்கத் தோற்கப் பூரித்துப்போனாள்.

"இத்தனை நாள் இந்தக் கண்ண எங்கங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

பக்கத்து வீட்டுக்காரியிடமும் பீற்றிக்கொண்டாள். அது காதில் விழும்போதெல்லாம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசி மாலை அவள் அடுக்கி முடித்தாள். நெற்றியைத் தேய்த்துவிட்டு அவன் சொன்னான்: ராணியைப் பலி கொடுத்து, அதை எதிராளி யானையால் வெட்டவைத்தால், தன் ஆட்களுக்கு நடுவே ஒடுங்கிப்போன ராஜாவுக்குக் குதிரையால் மேட்.

அவள் பலகையையே பார்த்தாள். "இல்லீங்களே. ராஜா இந்தக் கட்டத்துக்கு நழுவிடுமே."

"நல்லா பாரு. மேட்டுதான்."

அவள் புத்தகத்தைப் பிரித்துப் படத்தைப் பலகையோடு ஒப்பிட்டாள். "அட, தப்பு என்னுதுங்க. இந்தச் சிப்பாய ஒரு கட்டம் தள்ளி வெச்சுட்டேன். அது இடத்துல இருந்திருந்தா நீங்க சொன்னதுதான் சரி..."

பேச்சு பாதியில் நின்றது. தப்பாக அடுக்கிய பலகையைப் பார்த்துப் புத்தகத்தில் இருக்கும் விடை எப்படி வரும்? அவள் சிப்பாயை எடுத்து அதன் கட்டத்தில் வைத்தாள். அவன் முகத்தைப் பார்க்காமலே புத்தகத்தை மூடினாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

மறுநாள் கொட்டகை ஆட்கள் எல்லோரும் நிற்கும்போதே ஸ்டோர்கீப்பரிடம் போனான்.

"அண்ணே, அவளையே சேத்துக்கங்க."

"ஏன்டா, பொண்டாட்டிகிட்ட தோத்துட்டியா?"

சிரிப்பு எழுந்தது. அது அடங்கும்வரை நின்றான்.

"தோக்கல அண்ணே. விடையப் பாத்து வெச்சுக்கிட்டு சொன்னேன். நான் ஆடவே இல்ல."

அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம் என்றிருந்தது அவனுக்கு. பெயிண்ட் கொட்டகையில் அவள் தூரிகை ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க அவனுக்கு முகமில்லை.